கூரையில் முட்டிய சிரிப்பு

தொண்டைக்குழிக்கு அருகே கத்தி இருக்கும்போது சொல்லப்படும் வதந்தியை யாரும் மறுக்க முடியாது. தலையாட்டவும் முடியாது. எங்கள் தெரு முடிதிருத்துபவருக்கு இந்த நுட்பம் நன்றாகத் தெரியும். நுரை தடவி, முகவாயை ஒரு விரலால் நிமிர்த்திப் பிடித்துக்கொண்ட பிறகுதான் வாயைத் திறப்பார்.

“விஷயம் தெரியுமா சார்? அந்த சவுண்டு பெட்டி கம்பெனியில டெஸ்டிங்ல இருக்கானே ஒருத்தன், கூடப் பொறந்த அக்காவோட குரலை அழிச்சுட்டானாம்.”

“ம்?”

“ஆபரேஷனுக்கு முன்னாடி பதிவு பண்ணி வெச்ச குரல். சொத்துத் தகராறு. ஒரே பட்டன், மொத்தமும் காலி. அசையாதீங்க, பட்டுடும்.”

அசையவில்லை. ஆனால் கணக்கு உதைத்தது. அந்த அக்கா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர் என்பது ஊருக்கே தெரியும். ஸ்கூல் என்றால் ஒரு கார், ஒரு மேசை, ஒரு பெயர்ப்பலகை. சொத்து என்று சொல்ல அந்தப் பழைய காரும் அதில் கூடுதலாகப் பொருத்திய இரண்டாவது பிரேக்கும்தான். தகராறு வந்திருந்தால் ஆளுக்கொரு பிரேக்காகப் பிரித்துக்கொண்டிருக்கலாமே. கால் இல்லாத வதந்திதான் வேகமாக ஓடும். அதனால் பின்னாலேயே கிளம்பினேன்.

வெறுங்கையோடு போனால் அந்தத் தம்பி பேச மாட்டார் என்றார்கள். வீட்டில் இரைச்சல் போடும் பெட்டி ஒன்று இருந்தது; அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டேன். மைக்கைக் கம்ப்யூட்டரோடு சேர்த்துவைக்க, பாடுகிறவர்களும் பாடத் தெரியாதவர்களும் வாங்குகிறார்களே, ஆடியோ இன்டர்ஃபேஸ் என்று, அதுதான். அந்தக் கம்பெனி செய்வதும் அதைத்தான்.

நீண்ட தாழ்வாரத்தின் கடைசி அறை. ஜன்னல் கிடையாது. சுவரெல்லாம் முட்டை அட்டை மாதிரி மேடுபள்ளமான ஸ்பாஞ்சு. ஆணிகளில் குட்டைக் குட்டையாக ஒயர்கள். ஒரு கை உடைந்த நாற்காலியில், ஐம்பதைத் தொடப்போகும் ஒல்லியான மனிதர். கம்பெனியில் அவருக்கு “மைனஸ் மூணு” என்று பெயர். சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருக்கிறதாம். கூப்பிட்டால் அவரே திரும்புவதில்லையாம்.

பெட்டியை வாங்கினார். ஒரு குட்டை ஒயரை எடுத்து அதன் வெளியேறும் துளையில் ஒரு முனையையும் உள்வாங்கும் துளையில் மறுமுனையையும் செருகினார்.

“இது எதுக்கு?”

“வாயிலேர்ந்து காதுக்கு. அதுவே பாடும், அதுவே கேட்கும். சுத்தமான ஒத்தைச் சுருதியை வெளியே அனுப்பி, திரும்பி வரும்போது எவ்வளவு அழுக்கு ஒட்டிக்கிட்டு வருதுன்னு பார்க்கணும். லட்சத்துல ஒண்ணு ரெண்டு பங்குதான் இருக்கலாம்.”

“தானே பாடித் தானே கேட்கறதா? எங்க எழுத்தாளர் சங்கத்துல தினமும் நடக்குதே.”

சிரிக்கவில்லை. ஒரு குமிழைப் பிடித்து, குழந்தையின் காதைத் திருகுவதுபோல மெல்லத் திருப்பினார். திரையில் எண் ஓடியது.

“இதான் கெயின். கம்மியா வெச்சா சுருதி சின்னதாயிடும், பெட்டியோட சொந்த இரைச்சல்தான் பெரிசாத் தெரியும். ஜாஸ்தியா வெச்சா அலை, பெட்டி தாங்கற உச்சக் கூரையில போய் முட்டும். முட்டினா அலையோட தலையைச் சீவி எறிஞ்சுடும். ரெண்டு பக்கமும் அழுக்கு எண் ஏறும். ரெண்டு தடவையும் குத்தம் பெட்டி மேல இல்ல.”

“பின்னே?”

“குமிழைத் திருப்பின கை மேல.”

கூரைக்கு மூன்று டெசிபல் கீழே நிறுத்தினார். எந்தப் பெட்டியானாலும் அவர் நிறுத்துகிற இடம் அதுதான். பெயர் வந்த வழியும் அதுதான். பத்தொன்பது வருடங்களுக்கு முன் அவர் வேலைக்குச் சேர்ந்த வாரம், முந்நூறு பெட்டிகள் தேறவில்லை என்று மூலையில் அடுக்கி வைத்திருந்தார்களாம். அவருக்கு முன் அந்த நாற்காலியில் இருந்த ஆள் குமிழை முழுக்கத் திருப்பி வைத்து அளந்துவிட்டுப் பெட்டிகளைத் திட்டிவிட்டுப் போயிருக்கிறார். இவர் ஒவ்வொன்றாக எடுத்து, குமிழை இறக்கி அளந்தார். முந்நூறில் இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு பாஸ். அன்றிலிருந்து அந்த அறை இவருடையது. அளவு எழுதும் நோட்டில் முதல் கட்டம் கெயின் எங்கே வைத்தார் என்பது. அது எழுதாமல் எந்த எண்ணையும் எழுதமாட்டார்.

என் பெட்டியைத் துணியில் சுற்றித் திருப்பிக் கொடுத்தார். “பெட்டி நல்லாத்தான் இருக்கு.”

குற்றம் என் கை மேல் என்பதை நாகரிகமாகச் சொல்கிறார். இதற்கு மேல் சுற்றி வளைக்க ஒயர் இல்லை.

“உங்க அக்கா குரலை நீங்க அழிச்சுட்டீங்கன்னு வெளியில பேசிக்கறாங்க.”

“நான்தான் சொன்னேன்.”

“என்னன்னு?”

“அழிஞ்சுடுச்சுன்னு.”

“அழிச்சீங்களா?”

“இல்ல.”

வதந்தியைப் பெற்றெடுத்த தகப்பனே எதிரில் உட்கார்ந்து பிள்ளையைத் தெரியாது என்கிறார். அந்த அறையில் பேசாமல் இருந்தால் நம் ரத்தம் ஓடுவது நமக்கே கேட்கும். அதைத் தாங்க முடியாமல் அவர்தான் ஆரம்பித்தார்.

அக்காவுக்கு அவரைவிட ஏழு வயது அதிகம். அக்கா என்றால் ஊரில் முதலில் நினைவுக்கு வருவது சிரிப்பு. காரின் நான்கு கண்ணாடியும் ஏற்றியிருந்தாலும் எதிர்வரிசைக் கடைக்காரர் “வகுப்பு ஆரம்பிச்சாச்சு” என்பார். தம்பிக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்து, தன் வண்டியிலேயே மூன்று முறை “தேறாது” என்று சொன்னவர். “ஊர்ல இருக்கிற பெட்டியையெல்லாம் இவன் ஃபெயில் போடறான், இவனை ஃபெயில் போட ஒரு ஆள் வேணாமா?” என்பாராம். பிறகு தொண்டையில் கட்டி வந்தது. குரல்பெட்டியையே எடுத்தாக வேண்டும் என்றார்கள். தேதியும் குறித்தார்கள்.

அதற்கு முந்தைய நாள் பிற்பகல், அரைநாள் விடுமுறையில், அக்காவை இந்த அறைக்கு அழைத்து வந்தார். அவர் நூற்று நாற்பது வாக்கியங்கள் எழுதி வைத்திருந்தார். அவற்றை அக்கா குரலில் பதிந்து, போனில் பட்டன்களாகப் போட்டுவிட்டால், பிறகு பட்டனைத் தட்டினால் அக்கா பேசுவார். நல்ல திட்டம். முதல் வாக்கியத்திலேயே அக்கா காகிதத்தைக் கீழே வைத்துவிட்டார்.

“‘தயவுசெய்து வேகத்தைக் குறைக்கவும்’. யாருடா எழுதினது இது?”

“நான்தான்.”

“இப்படிப் பேசினா, எந்த நீதிபதி வண்டியில ஏறினார்னு கத்துக்கறவன் திரும்பிப் பார்ப்பான். அதுக்குள்ள மோதிடுவான். ‘மெதுவாப் போடா’ன்னு எழுது.”

நூற்று நாற்பதையும் திருத்தி எழுதினார்கள். பதிவதற்கு முன் கெயின் வைக்க வேண்டுமே. பத்தொன்பது வருடத்தில் பதினேழு வருடம் அப்போதே முடிந்திருந்தது; கை தானாகப் போயிற்று. “ஆன்னு சொல்லுக்கா. ஒரே மாதிரி. விடாம.” அக்கா ஆ என்றார். “டேய், டாக்டர்கிட்ட நாக்கை நீட்டறதே அலுத்துப்போச்சு, நீ வேறயா?” மறுபடி ஆ. குமிழைத் திருப்பித் திருப்பி, அந்த ஆவைக் கூரைக்கு மூன்று கீழே கொண்டுவந்து நிறுத்தினார். கச்சிதம்.

வாக்கியங்கள் எல்லாம் நன்றாகப் பதிந்தன. கடைசியில் அக்கா சொன்னார்: “இதெல்லாம் இருக்கட்டும். இப்ப சிரிப்பை எடு. அதுக்குத்தான் வந்தேன்.”

“வாக்கியம் முக்கியமில்லையாக்கா?”

“வாக்கியத்தை எழுதிக் காட்டிடுவேன்டா மடையா. சிரிப்பை எழுதிக் காட்ட முடியுமா?”

சிரி என்றால் சிரிப்பு வருமா? இரண்டு மூன்று முறை முயன்று, “போடா, கோழி முட்டை போடற மாதிரி இருக்கு, நீ ஏதாவது சொல்லு” என்றார். தம்பி தன் மூன்றாவது தோல்வியைச் சொன்னார். பின்னால் எடுக்கும்போது விளக்குக் கம்பத்தில் இடித்தது, பதற்றத்தில் இறங்கிப் போய்க் கம்பத்திடம் “சாரி சார்” என்றது, அந்தக் கம்பம் பதில் சொல்லாததால் இன்னொரு முறை சொன்னது. அக்கா வெடித்தார். தம்பியும் வெடித்தார். பதினொரு நொடி. மீட்டரைவிட்டுக் கண்ணை எடுக்காதவர் என்று பெயர் வாங்கிய மனிதர் அந்தப் பதினொரு நொடியும் அக்கா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை ஏழரைக்கு அக்காவைத் தள்ளிக்கொண்டு போனார்கள். வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, நேரம் போகாமல், எட்டேகால் வாக்கில் சிரிப்பைத் திறந்து ஹெட்போனில் கேட்டார். தகரத்தை ஆணியால் கீறியது போல இருந்தது. சுத்தமான சுருதி எங்கே நிறுத்துகிறோமோ அங்கேயே நிற்கும். நடுவில் எழுந்து துள்ளாது. மனிதர்கள் துள்ளுவார்கள். அக்கா ஆ என்பதற்கு வைத்த இடத்திலிருந்து சிரிப்பு எகிறிக் கூரையில் முட்டி, முட்டிய தலையெல்லாம் சீவப்பட்டிருந்தது.

“எழுந்து ஆபரேஷன் கதவுகிட்டப் போனேன்” என்றார். “போயி?” என்றேன்.

“போயி என்னன்னு சொல்றது? ‘கொஞ்சம் நிறுத்துங்க, கெயினைத் தப்பா வெச்சுட்டேன்’னா? வந்து உட்கார்ந்துட்டேன்.”

நான்கு நாள் கழித்து அக்கா தாளில் எழுதிய முதல் சொல் “சிரிப்பு?” என்பது. தம்பி சொன்ன பதில், “அழிஞ்சுடுச்சுக்கா.” யாருக்கும் எந்தப் பதிவும் அழியலாம், அது விபத்து. ஊரில் உள்ள பெட்டிகளுக்கெல்லாம் கெயின் வைத்துப் பாஸ் போடுகிறவன் சொந்த அக்காவுக்குத் தப்பாக வைத்தான் என்றால் அதற்குப் பெயர் விபத்து இல்லை. அதனால் பொய். பொய் ஆஸ்பத்திரியிலிருந்து ஊர் வாய்க்கும், ஊர் வாயிலிருந்து சவரக் கத்திக்கும் வந்துசேர இரண்டு வருடம் ஆகியிருக்கிறது. வழியில் எங்கோ சிரிப்பு மொத்தக் குரலாகி, சொத்துத் தகராறும் சேர்ந்துகொண்டது.

இரண்டு வருடமாகச் சரிசெய்யப் பார்க்கிறாராம். அதற்கென்று மென்பொருள்கள் இருக்கின்றன. சீவப்பட்ட தலை எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்து ஒட்டிக் கொடுக்கும். “வழவழன்னு வருது. ஆனா அது யாரோ ஒருத்தியோட சிரிப்பு. கூரைக்கு மேல போனது எங்கேயும் பதிவாகவே இல்லியே சார். இல்லாததை எங்கேர்ந்து எடுக்கறது?” திரையில் படத்தை மட்டும் காட்டினார். ஓரம் வெட்டிய வேலிச்செடி மாதிரி, வரிசையாக மொட்டைத் தலைகள். கேட்கலாமா என்றேன். மூடிவிட்டார்.

மறுவாரம் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். ஓட்டத் தெரியாது என்பது உண்மை என்பதால் நடிக்க வேண்டியிருக்கவில்லை.

அக்கா கழுத்தில் மெல்லிய துணி சுற்றியிருந்தார். மூச்சு இப்போது அதற்குப் பின்னால் இருக்கிற துளை வழியாகத்தான். டாஷ்போர்டில் போன் கட்டியிருந்தது. அதைவிட அதிகம் பேசியது அவருடைய வலக்கை. டாஷ்போர்டில் ஒரு தட்டு பிரேக், இரண்டு தட்டு கிளட்ச், அதாவது கிளம்பு. மூன்றாவது தட்டு என் தொடையில், அது திட்டு. தட்டுவதற்குள் ஏதாவது வந்துவிட்டால் பட்டன். “மெதுவாப் போடா!” என்று பளிங்கு மாதிரிக் குரல். தயவுசெய்து இல்லை.

மூன்றாம் நாள் நான் கியருக்குப் பதில் அவர் முழங்காலைப் பிடித்து இழுத்துவிட்டேன். அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. கழுத்துத் துணி விட்டுவிட்டுப் புடைத்தது, கண்ணில் நீர், சத்தமே இல்லை. பயந்துபோய் ஓரங்கட்டினேன்.

“அக்கா, என்னாச்சு? வலிக்குதா?”

குலுங்கல் நின்றது. என்னைப் பார்த்த பார்வையில் அலுப்பு இருந்தது. போனை எடுத்துத் தட்டிக் காட்டினார். ‘சிரிச்சேன்’ என்று இருந்தது. கீழே, ‘எல்லாரும் இப்படித்தான் வண்டியை நிறுத்தி ஏன் அழறீங்கன்னு கேக்கறாங்க. அதுக்கப்புறம் சிரிப்பே வரமாட்டேங்குது.’

இன்னும் தட்டினார். ‘நீ வண்டி கத்துக்க வரலை. என் தம்பியைப் பத்தித் தெரிஞ்சுக்க வந்தே. போன வாரம் அவன் ரூமுக்குப் போனது எனக்குத் தெரியும்.’

“அது வந்துக்கா...”

‘அவன் எதையும் அழிக்கமாட்டான். பள்ளிக்கூடத்துப் பஸ் பாஸ் இன்னும் வெச்சிருக்கான். ஏன் பொய் சொல்றான்னு கேட்டுச் சொல்லு.’

நான் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. தம்பியிடம் போய்த்தான் சொன்னேன்: அக்கா சிரித்தால் எல்லாரும் அழுகிறார் என்று நினைக்கிறார்கள் என்று. இதை அவர் அறிந்திருக்கவில்லை. அவர் எதிரில் அக்கா இரண்டு வருடமாகச் சிரிக்கவில்லை. ஒரு ஒயரை எடுத்துச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார். “நாளைக்கு உங்க வகுப்பு எத்தனை மணிக்கு?” என்றார்.

மறுநாள் மாலை நான்கு மணிக்குப் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். அக்கா திரும்பிப் பார்த்துவிட்டு, ஓட்டு என்று எனக்கு இரண்டு தட்டு தட்டினார். முதல் திருப்பம் தாண்டியதும் பின்னாலிருந்து குரல்.

“அக்கா, அது அழியலைக்கா.”

டாஷ்போர்டில் கை அப்படியே நின்றது.

“இருக்கு. ஆனா உடைஞ்சிருக்கு. நீ ஆன்னு சொன்னியே, அதை வெச்சு லெவல் போட்டேன். சிரிப்பு அதுக்கு மேல போகும்னு தோணலை. எனக்குத் தோணியிருக்கணும். கெயினைக் கொஞ்சம் இறக்கியிருந்தா போதும்க்கா. ஒரு திருப்பு. இவ்வளவுதான்.” கண்ணாடியில் பார்த்தேன், கட்டைவிரலையும் ஆள்காட்டிவிரலையும் சேர்த்து, இல்லாத குமிழை இடதுபக்கம் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தார்.

அக்கா போனில் ஏதோ தட்டித் தோளுக்கு மேலாகப் பின்னால் நீட்டினார். தம்பி வாய்விட்டே படித்தார். “‘அப்பவே பதினேழு வருஷமா இதானேடா உன் வேலை.’”

“ஆமாக்கா.”

போனை வாங்கி அடுத்துத் தட்டினார். நீட்டவில்லை. பட்டன்.

“வண்டியை நிறுத்து!”

நிறுத்தினேன். வாழ்நாளில் அவ்வளவு சீராக நான் நிறுத்தியதில்லை.

“எறங்கு!”

நான் கதவைத் திறந்துவிட்டேன். அக்கா என் சட்டைக் காலரைப் பிடித்து உள்ளே இழுத்தார். பின்கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. கண்ணாடியில் தம்பி நடைபாதையில் நின்றார், கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு. தன் கையால் வைத்த லெவலில், துளி அழுக்கில்லாமல் பதிந்த இரண்டு வாக்கியங்கள் அவை.

இரண்டு தட்டு. கிளம்பினேன். அடுத்த சிக்னலுக்குள் அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. துணி புடைத்தது. அந்த விளக்குக் கம்பம் நினைவுக்கு வந்ததோ, வேறெதுவோ. இந்த முறை வண்டியை நிறுத்தவில்லை, கேட்கவும் இல்லை. முன்னால் போகிற பஸ்ஸின் முதுகைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

இது நடந்து ஒன்றரை மாதம் ஆகிறது. அன்று இரவுக்குள்ளேயே அக்கா தம்பிக்குச் செய்தி அனுப்பிவிட்டாராம். ‘உடைஞ்சதையே கொண்டா. கரகரன்னு இருந்தாலும் சிரிப்புன்னு தெரியும் இல்ல, அது போதும். அது வர்ற வரைக்கும் உன்கிட்டப் பட்டன் கிடையாது.’ சொன்னபடியே, தம்பி வீட்டுக்கு வந்தால் குரலை எடுப்பதில்லை. மேசையில் தட்டுகிறார். ஒரு தட்டுக்குத் தண்ணீர், இரண்டு தட்டுக்குப் போய்வருகிறேன்.

கொடுத்துவிட வேண்டியதுதானே என்று அந்த ஸ்பாஞ்சு அறையில் அவரைக் கேட்டேன். கொஞ்ச நேரம் நோட்டில் கெயின் கட்டத்தை நிரப்பினார்.

“நான் மைக்குக்குத் தள்ளி உட்கார்ந்திருந்தேன் சார். அவ சிரிச்சு முடிச்சு மூச்சு வாங்கும்போது, பின்னாடி நான் சிரிக்கறது மட்டும் தனியாக் கேட்குது. தள்ளி இருந்ததால கூரையில முட்டலை. அவளோடது உடைஞ்சிருக்கு, என்னோடது அவ்வளவு சுத்தமா வந்திருக்கு. இதை எப்படி அவ கையில கொடுக்கறது?”

“அந்த இடத்தை வெட்டிடுங்களேன்.”

“வெட்டினா அவ மூச்சு வாங்கறதும் போயிடும். அதுவும் அவ மூச்சுதானே சார். மூக்கு வழியா வாங்கினது.”

ஆக, பதினொரு நொடிச் சிரிப்பு ஒன்றை ஒரு தம்பி ஒரு அக்காவுக்குத் தர வேண்டியிருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை கேட்டபோது, பென் டிரைவில் ஏற்றிச் சட்டைப்பையில் வைத்திருப்பதைக் காட்டி, “நாளைக்குக் கொடுத்துடறேன்” என்றார். நேற்றும் வகுப்புக்குப் போயிருந்தேன். அக்கா போனைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். வாக்கியங்களுக்கான நூற்று நாற்பது பட்டன்கள்தான் இருந்தன.